வெளியே பூட்டு

டிரைவர்: மெதுவா... மெதுவா தேயி. உப்புத்தாள் சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்குது.

மனைவி: தேய்க்காம பழைய பெயிண்ட் எப்படிங்க உதிரும்? மந்திரம் போட்டா உதிருமா?

டிரைவர்: பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடும்போது தேய்னு சொன்னேன்ல. மிக்ஸி நின்னா நீயும் நிக்கணும்.

மனைவி: அந்தம்மா மிக்ஸி போடற நேரம் பார்த்து நான் என் வீட்டுச் சுவத்தைத் தேய்க்கணும். இந்த வயசுல இது ஒரு பொழப்பு.

டிரைவர்: யார் கேட்டா இந்தப் பொழப்பை? தெருவுக்கே டாட்டா காட்டிட்டு, வாசல்ல பூட்டைப் போட்டுட்டு, இருட்டினதும் பின்சந்து வழியா சொந்த வீட்டுக்குள்ள திருடன் மாதிரி நுழையலாம்னு யோசனை சொன்னது நீ.

மனைவி: டாட்டா காட்டினது நீங்களும்தான். டாக்ஸியில இருந்து பாதி உடம்பை வெளிய நீட்டி... புது மாப்பிள்ளை மாதிரி.

டிரைவர்: காட்டலைன்னா சந்தேகம் வரும்ல.

மனைவி: ஓ... சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் காட்டினீங்களா?

டிரைவர்: ...சரி, கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு. ஆயுசு பூரா டூரிஸ்ட் பஸ் ஓட்டியிருக்கேன். எனக்குன்னு ஒருத்தரும் டாட்டா காட்டினதில்லை. பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்குக் காட்டுவாங்க, நான் கண்ணாடியில பார்த்துப்பேன்.

மனைவி: ஸ்ஸ்... நின்னுடுச்சு.

டிரைவர்: ...

மனைவி: ...

டிரைவர்: ஓடுது, தேயி. அரைக்கிற அரையைப் பார்த்தா இன்னைக்கு அவ வீட்ல விருந்தாளி போலிருக்கு.

மனைவி: பொண்ணும் மாப்பிள்ளையும் வந்திருக்காங்க. நாம கிளம்பறப்பவே சொன்னா. "நீங்க மகனோட கடலுக்குப் போறீங்க, எனக்கு என் பொண்ணு இங்கயே வர்றா"ன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

டிரைவர்: சிரிச்சா சிரிக்கட்டும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?

மனைவி: உங்களுக்கென்ன, நீங்க ஆம்பளை. போன வருஷம் "மகனுக்கு லீவு கிடைக்கலை"ன்னு நான் சொன்னப்போ அவ என் கையைப் பிடிச்சு "பரவாயில்லைங்க"ன்னா பாருங்க... அந்தப் "பரவாயில்லை"யை நீங்க கேக்கலை. அதுக்கு முந்தின வருஷமும் ஒரு காரணம், அதுக்கும் ஒரு "பரவாயில்லை". இந்த வருஷமும் போகலைன்னு தெரிஞ்சா வேற வினையே வேண்டாம்.

டிரைவர்: அதுக்காக இந்த வெக்கையில ஜன்னலைச் சாத்திக்கிட்டு, ஃபேனைக் கூட ஒண்ணுல வச்சுக்கிட்டு...

மனைவி: ரெண்டுல வச்சா கடகடங்குது. வெளிய கேக்கும்.

டிரைவர்: கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுக்கு எண்ணெய் விடுங்கன்னு சொல்ற. விட்டிருக்கலாம்.

மனைவி: இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. சரி, இந்தப் பக்கம் முடிஞ்சுது. எந்த டப்பா திறக்கறது?

டிரைவர்: நீலம்.

மனைவி: அது நீலமாங்க? நேத்து பச்சைன்னீங்க.

டிரைவர்: கலவை தப்பிப்போன டப்பா. யாரோ ஒருத்தர் வானத்து நிறம் கேட்டிருக்கார், கடைக்காரன் மிஷின்ல என்னத்தையோ அமுக்கிட்டான். அவர் வேண்டாம்னு போயிட்டார். கடை மூலையில கிடந்துச்சு. பாதி விலைக்கு நாலு டப்பா. நாலும் நாலு தினுசு.

மனைவி: அடுத்தவங்க வேண்டாம்னு விட்ட நிறமெல்லாம் நம்ம வீட்டுச் சுவத்துல.

டிரைவர்: இப்ப இதுதான் ஸ்டைலாம். ஒரு சுவர் மட்டும் தனி நிறம். கடைக்காரன் சொன்னான்.

மனைவி: விக்காத சரக்கை வித்தவன் வேற என்ன சொல்லுவான்?

டிரைவர்: ஏணியைப் பிடி. மேல விளிம்பு முடிச்சுடறேன்... பிடிச்சிருக்கியா?

மனைவி: பிடிச்சிருக்கேன். பார்த்து... பார்த்துங்க, ஏணி உச்சியில சுத்தியல்...

டிரைவர்: ஆ...

மனைவி: கத்தாதீங்க!

டிரைவர்: ...ம்ம்... ம்ம்ம்...

மனைவி: கால்ல விழுந்துடுச்சா? காட்டுங்க. நகம் போகலை. ஊதறேன், ஊதறேன்...

டிரைவர்: திருடனுக்குத் தேள் கொட்டினா எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது. வாயைத் திறந்து "அம்மா"ன்னு கூட சொல்ல முடியலை.

மனைவி: சிரிக்க வைக்காதீங்க, சத்தம் வந்துடும்.

டிரைவர்: சிரிக்கவும் கூடாது, கத்தவும் கூடாது. நல்ல லீவு.

மனைவி: கொஞ்சம் உக்காருங்க. உங்க சீட்ல போய் உக்காருங்க. உறை தைச்சு முடிச்சுட்டேன், பார்த்தீங்களா?

டிரைவர்: எங்க... அட! பழைய பெட்ஷீட்டா இது?

மனைவி: அதேதான். உள்பக்கம் வெளுக்கலை, திருப்பி வச்சுத் தைச்சேன். மிச்சத்துல ஜன்னலுக்குத் திரை. கிழிஞ்ச இடத்துல ஒரு பூ.

டிரைவர்: ஓட்ட முடியாதுன்னு பஸ்ஸை உடைக்கப் போட்டப்போ இந்த ரெண்டு சீட்டை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். "குப்பையைக் கொண்டு வர்றீங்களே"ன்னு குதிச்ச.

மனைவி: குப்பைதான். இப்ப சோஃபா ஆயிடுச்சு. எங்க கொண்டு போறீங்க அதை?

டிரைவர்: ஜன்னல் ஓரம் போடறேன். பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டே போகணும்னு எனக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா? ரோட்டைத் தவிர வேற எதையும் பார்த்ததில்லை.

மனைவி: திரையைத் திறக்காதீங்க.

டிரைவர்: திறக்கலை. இந்தப் பூவைப் பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

மனைவி: ...கால் வலிக்குதா இன்னும்?

டிரைவர்: கால் வலிக்கலை.

மனைவி: சரி, திரும்பி வந்ததும் என்ன சொல்லணும்னு ஒரு தடவை பேசிக்கலாம். நான் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு சொல்லிடக் கூடாது. கடல் எப்படி இருந்துச்சுன்னு கேட்பாங்க. அந்த ஊருக்கு நீங்க எத்தனையோ தடவை போயிருக்கீங்க, சொல்லுங்க. கடல் எப்படி இருக்கும்?

டிரைவர்: பார்க்கிங்ல இருந்து பார்த்தா கோடு மாதிரி இருக்கும்.

மனைவி: கோடா?

டிரைவர்: ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல ஒரு கோடு. வெயில் அடிச்சா மினுங்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது.

மனைவி: இறங்கிப் பார்க்கலையா ஒரு தடவை கூட?

டிரைவர்: யாராவது ஒருத்தர் பஸ்ல பையை விட்டுட்டுப் போயிருப்பாங்க. "டிரைவர் அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கங்க"ம்பாங்க. பஸ்ஸுக்கு அடியில துணியை விரிச்சுப் படுத்துப்பேன். திரும்பி வர்றப்போ அவங்க செருப்புல இருந்து மணல் கொட்டும். அதைப் பெருக்கித் தள்ளுவேன். அதுதான் நான் பார்த்த கடற்கரை. நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. சந்துல வீடு கட்டறாங்கல்ல, அங்க இருந்து ஒரு பிடி மணல் எடுத்துட்டு வரணும். செருப்புல, பை மூலையில எல்லாம் போட்டுடலாம். வாசல்ல வச்சு உதறுவோம், அவ பார்க்கற மாதிரி.

மனைவி: உங்களுக்கும் நல்லாத்தான் வருது.

டிரைவர்: உன்கூட இருந்து இருந்து வந்துடுச்சு. இன்னொரு சிக்கல் இருக்கு. கடலுக்குப் போனவங்க கறுத்துப் போய் வரணும். நாம வெயில் படாம வெளுத்துப் போய் நிப்போம்.

மனைவி: தொப்பி போட்டிருந்தோம்னு சொல்லிடலாம். உங்ககிட்டதான் தொப்பி இருக்கே.

டிரைவர்: ம்... இருக்கு.

மனைவி: ஏங்க, என் போன் துடிக்குது.

டிரைவர்: யாரு?

மனைவி: ஐயோ... பக்கத்து வீட்டம்மா!

டிரைவர்: எடுக்காத.

மனைவி: எடுக்கலைன்னா திரும்பத் திரும்ப அடிப்பா.

டிரைவர்: இரு, கதவிடுக்குல பார்க்கறேன்... அடிப்பாவி, நம்ம வாசல்லதான் நிக்கறா. ஒரு கையில பூவாளி, ஒரு கையில போன். மூக்கை வேற உறிஞ்சறா.

மனைவி: நான் பாத்ரூமுக்குள்ள போறேன். நீங்க வந்து குழாயைத் திறந்து விடுங்க.

டிரைவர்: குழாயா? எதுக்கு?

மனைவி: கடலுக்கு!

டிரைவர்: ...வர்றேன், வர்றேன்.

மனைவி: ஹலோ... ஆமாங்க, நான்தான். கேக்குதா? அலைங்க அது. ஒரே இரைச்சல்...

டிரைவர்: அலை இப்படி விடாம கொட்டாது. விட்டு விட்டு வரும். திறந்து திறந்து மூடறேன்.

மனைவி: சும்மா இருங்க நீங்க! ...உங்களைச் சொல்லலைங்க, எங்க வீட்டுக்காரரை. தண்ணியில இறங்க மாட்டேன்னு குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறார்... பேத்தியா? மணல்ல வீடு கட்டிட்டு இருக்கா. வாலு, ஒரு இடத்துல நிக்கறதில்லை... ரூமெல்லாம் நல்லா இருக்கு. மகன் பார்த்துப் பார்த்துச் செய்யறான்... ம்... ம்... என்னது? பெயிண்ட் வாசனையா? எங்க வீட்டுக்குள்ள இருந்தா?

டிரைவர்: போச்சு.

மனைவி: ...ஓ, அதுவா... சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். மகன் வேலைங்க. நாங்க இல்லாத நேரம் பார்த்து ஆளை அனுப்பி வீட்டையே மாத்திடணும்னு மருமககிட்ட குசுகுசுன்னு பேசிட்டு இருந்தான். என் காதுல விழுந்துடுச்சு. எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான் பாவம்... ஆமாங்க, பின்பக்கமா வந்துட்டுப் போறாங்க போலிருக்கு. நீங்க எதுவும் கேட்டுக்காதீங்க, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க... ம்... ஆமா... கொடுத்து வச்சவங்கதான். வச்சிடறேங்க, பேத்தி ஐஸ்கிரீம் கேட்டு இழுக்கறா.

டிரைவர்: போயிட்டாளா?

மனைவி: குழாயை மூடுங்க. போயிட்டா. ஏங்க... அவ குரலைக் கேட்டிருக்கணும் நீங்க. "கொடுத்து வச்சவங்க நீங்க"ன்னு சொன்னா. "பரவாயில்லை"ன்னு சொல்லலை. பொறாமைங்க. எரிஞ்சுச்சு அவளுக்கு. இத்தனை வருஷத்துல முதல் தடவை.

டிரைவர்: சந்தோஷமா உனக்கு?

மனைவி: கொஞ்சம்... ஏன், என்ன மூஞ்சி அது?

டிரைவர்: இடுப்பு ஒடிய பட்டி பார்த்தது யாரு?

மனைவி: நீங்க.

டிரைவர்: டப்பாவைச் சந்து வழியா கோணியில போட்டுத் தூக்கிட்டு வந்தது யாரு?

மனைவி: நீங்கதான். இப்ப என்ன?

டிரைவர்: பேரு மட்டும் அவனுக்கா? லீவுக்குக் கூட்டிட்டுப் போனவன் அவன், வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சவன் அவன். கால்ல சுத்தியல் விழுந்ததும் அவன் கால்லதான்னு சொல்லிடேன். எல்லாத்தையும் அவன் கணக்குல எழுதிட்டா நான் எதுக்கு இந்த வீட்ல?

மனைவி: சத்தம் போடாதீங்க. வாய்ல வந்ததைச் சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? ஆவி வந்து அடிச்சுதுன்னா?

டிரைவர்: ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது இதுதான்.

மனைவி: சரி விடுங்க. கோவத்தைச் சுவத்து மேல காட்டுங்க, சீக்கிரம் வேலை முடியும்.

டிரைவர்: ம்.

மனைவி: இந்தச் சுவர் காஞ்சுடுச்சு. பையனோட பட்டமளிப்பு போட்டோவைத் துடைச்சு வச்சிருக்கேன். மாட்டிடுங்க. ஆணி எங்க? இங்கதானே இருந்துச்சு...

டிரைவர்: பிடுங்கிட்டேன்.

மனைவி: பிடுங்கிட்டீங்களா? ஓட்டையைக் கூடக் காணோமே.

டிரைவர்: பட்டி வச்சு அடைச்சுட்டேன். மேல நீலம் ரெண்டு கோட்டிங். இனிமே தெரியாது.

மனைவி: அப்போ இதை எங்க மாட்டறது?

டிரைவர்: கட்டிலுக்கு அடியில வை.

மனைவி: என்னங்க இது... அவன் போட்டோவையா? பள்ளிக்கூடத்துல குடுத்த காகிதத்தைக் கூட ஃப்ரேம் போட்டு மாட்டினவர் நீங்க.

டிரைவர்: மாட்டினேன். இப்ப பிடுங்கிட்டேன். என் கையால அடிச்ச ஆணி, என் கையால பிடுங்கினேன். இனிமே அவன் வீட்டு வாசப்படியையும் மிதிக்க மாட்டேன். அவன் இங்க வந்தா வரட்டும், நீ பேசு. நான் பின்பக்கமா எழுந்து போயிடுவேன். இப்பதான் வழி பழகிடுச்சே.

மனைவி: இவ்வளவு கோவம் எதுக்கு? குழந்தைக்குக் காய்ச்சல், டூரை நிறுத்திட்டான். வேணும்னா நிறுத்தினான்? நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?

டிரைவர்: நான்தான் சொன்னேன்.

மனைவி: அப்புறம்? காய்ச்சல் வந்தா அவன் என்ன பண்ணுவான்?

டிரைவர்: ...உன்னை ஒண்ணு கேக்கணும். ரொம்ப நேரமா கேக்கணும்னு இருக்கேன்.

மனைவி: கேளுங்க.

டிரைவர்: அந்தக் குழந்தை தும்மினா கூட மிளகு வச்சியா, வெந்நி வச்சியான்னு மருமகளைப் போன்ல படுத்தி எடுக்கறவ நீ. காய்ச்சல்னு நான் வந்து சொன்னேன். "அப்படியா"ன்னு ஒரு வார்த்தை. பையை மூடி வச்சே. இத்தனை நாளாச்சு... இப்ப எப்படி இருக்குன்னு ஒரு போன் பண்ணலை. ஒரு வார்த்தை கேக்கலை. இப்ப பாத்ரூம்ல நின்னுக்கிட்டு, காய்ச்சல்ல கிடக்கற பிள்ளையை மணல் வீடு கட்ட வச்ச, ஐஸ்கிரீம் வேற வாங்கிக் குடுத்த.

மனைவி: பக்கத்து வீட்டம்மாவுக்காகச் சொன்ன பொய்ங்க அது...

டிரைவர்: பொய் சொல்றப்போ கூட நாக்கு கூசும். நீ பேத்தி விஷயத்துல அப்படிச் சொல்றவ இல்லை.

மனைவி: ...உங்க போன் துடிக்குது. ஏணி மேல.

டிரைவர்: பேச்சை மாத்தாத.

மனைவி: மாத்தலை. பாருங்க, பையன்தான். எடுங்க.

டிரைவர்: எடுக்க மாட்டேன்.

மனைவி: எடுங்க, ஏதாவது அவசரமா இருக்கும்.

டிரைவர்: அவனுக்கு நம்மகிட்ட என்ன அவசரம்? ...கட் பண்ணிட்டேன்.

மனைவி: ஏன் இப்படிப் பண்றீங்க? பெத்த பிள்ளைங்க அவன்.

டிரைவர்: பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க? உக்காரு இப்படி. அந்த சீட்ல உக்காரு. சொல்லிடறேன். சொல்லாம இந்தப் பூட்டின வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது.

மனைவி: வேண்டாங்க. எதுவா இருந்தாலும் வேண்டாம்.

டிரைவர்: குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை.

மனைவி: ...

டிரைவர்: கேக்கறியா? காய்ச்சல் இல்லை. அவன் எனக்குப் போன் பண்ணவும் இல்லை. கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் பண்ணினேன். "மெயின் ரோட்ல எந்தப் பக்கம் வந்து நிக்கணும், கார் எத்தனை மணிக்கு வரும்"னு கேட்டேன். "எதுக்குப்பா?"ன்னான். எதுக்குப்பான்னு கேக்கறான். என் தலையில தொப்பி. காலடியில பை. "மறந்துட்டியாடா, அம்மாகிட்ட நீதானே கூப்பிட்ட"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. ஒண்ணுமில்லைப்பா, நம்பர் மாத்திப் போட்டுட்டேன்னு வச்சுட்டேன். பின்னாடி வாலு பாடிட்டு இருந்தா. அவ்வளவு சத்தமா... அந்தத் தொண்டைக்குத்தான் நான் உன்கிட்ட வந்து காய்ச்சல்னு சொன்னேன்.

மனைவி: ஏன் அப்படிச் சொன்னீங்க?

டிரைவர்: வேற என்னன்னு சொல்லட்டும்? பெத்த மகன், வாங்கம்மான்னு கூப்பிட்டதையே மறந்துட்டான்னு உன்கிட்ட சொல்லச் சொல்றியா? காய்ச்சலுக்காவது மருந்து இருக்கு. நீ எவ்வளவு ஆசையா இருந்த...

மனைவி: நானா ஆசையா இருந்தேன்?

டிரைவர்: பின்னே? எனக்குக் கூடச் சொல்லாம முதல்ல பக்கத்து வீட்டம்மாகிட்டல்ல சொல்லியிருக்க. நான் பால் வாங்கிட்டு வர்றேன், அவ வழியில நிறுத்தி "மகனோட கடலுக்குப் போறீங்களாமே"ங்கறா. எனக்கே அப்பத்தான் தெரியும். வீட்டுக்குள்ள வந்து கேட்டேன், "ஆமா, நீங்க இல்லாதப்போ போன் பண்ணினான்"ன்ன. உன் மகன் எப்பவும் நான் இல்லாதப்போதான் பண்ணுவான்... அன்னைக்கு அது கூட எனக்குப் பெரிசா தெரியலை. நேரா கடைக்குப் போயிட்டேன்.

மனைவி: தெரியும். போனீங்க.

டிரைவர்: இப்பவும் திரும்ப அடிக்கறான் பாரு. துடிக்கட்டும்.

மனைவி: எடுங்களேன்...

டிரைவர்: மாட்டேன். எதை வேணும்னாலும் பொறுத்துக்குவேன். லீவு இல்லையா, சரி. மாமனார் மாமியாரைக் கூட்டிட்டுப் போறியா, அதுவும் சரி. கூப்பிட்டுட்டு மறந்தான் பாரு... கிழவனும் கிழவியும் பையைத் தூக்கிட்டு ரோட்டுல நிப்பாங்களேன்னு ஒரு நிமிஷம் நினைச்சானா? நின்னிருப்போம்ல? நான் மட்டும் அன்னைக்குப் போன் பண்ணலைன்னா ராத்திரி வரைக்கும் ரோட்டோரத்துல நின்னிருப்போம்ல?

மனைவி: நான் உங்களை நிக்க விட்டிருக்க மாட்டேன்.

டிரைவர்: நீ என்ன பண்ணியிருப்ப?

மனைவி: வயித்து வலின்னு படுத்திருப்பேன். காலையில எழுந்ததும்.

டிரைவர்: எதுக்கு? உனக்கு எப்படித் தெரியும் அவன் மறந்துட்டான்னு?

மனைவி: ...சாக்கை எடுங்க, பெயிண்ட் சொட்டுது.

டிரைவர்: சொட்டட்டும். நான் சொல்றதைக் கேளு. கூப்பிட்டு மறந்தவனை விடக் கூப்பிடாதவன் எவ்வளவோ தேவலை. கூப்பிடவே இல்லைன்னா எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சரி, அவன் குடும்பம், அவன் பாடுன்னு இருந்துட்டுப் போயிருப்பேன்.

மனைவி: நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க.

டிரைவர்: என்ன?

மனைவி: கூப்பிடாதவன் மேல கோவம் இல்லைன்னு.

டிரைவர்: சத்தியமா சொல்றேன். கூப்பிடாதவன் மேல எனக்கென்ன கோவம்?

மனைவி: அப்போ சுத்தியலை எடுத்து அந்த ஆணியை அடிங்க. சத்தம் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டினாலும் தட்டட்டும்... அவன் மறக்கலைங்க. மறக்கறதுக்கு அவன் கூப்பிட்டிருக்கணுமே. பொண்ணு வர்றா, பொண்ணு வர்றான்னு அந்தம்மா சொல்லச் சொல்ல, மகன் கடலுக்குக் கூப்பிட்டிருக்கான்னு எனக்கு வாய்ல வந்துடுச்சு. உங்ககிட்ட அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிடலாம்னுதான் இருந்தேன்... நீங்க அந்தத் தொப்பியை வாங்கிட்டு வந்து, கண்ணாடி முன்னாடி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துட்டு நின்னீங்க.